நான்காவது படி

பதினொரு மாத ஒப்பந்தம்.
இருபது ரூபாய்ப் பத்திரத்தில் ஒன்பதாவது ஷரத்து
நான் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டியது:
"கட்டடத்தில் எவருக்கு எது நேரினும்
உரிமையாளர் பொறுப்பல்ல."
ஜெபமணி டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.
எவருக்கு என்றால் யார் யாருக்கு, என்று கேட்டார்.
சும்மா, ஒரு வழக்கத்துக்கு, என்றேன்.

மன்னார்குடியில் களிமண்மேல் நிற்கும் வீடு.
கோடையில் மண் வாய்பிளக்கும்,
பாமணியாற்றில் தண்ணீர் வந்ததும் மூடிக்கொள்ளும்.
கூடவே சுவரும்
ஒரு நூல் போகும், ஒரு நூல் வரும்.
வாங்கிய ஆறு வருடத்தில்
ஒவ்வொரு விரிசலுக்கும் பென்சிலால் தேதி போட்டிருக்கிறேன்.
வாடகைக் கணக்குகூட அவ்வளவு ஒழுங்கில்லை.
வெளிப்படிக்கட்டை மட்டும் பார்ப்பதில்லை.
நான் மாடி ஏறுவதே ஐந்தாம் தேதிதான்.
ஜிபே வந்தபிறகு அதுவும் இல்லை.

ஐப்பசி இரண்டாவது வாரம்.
தண்ணீர் கேன் போடும் இளம்பரிதி,
தோளில் இருபது லிட்டர்,
மேலிருந்து நான்காவது படி.
கேன் உடையவில்லை.
கணுக்கால், இரண்டு இடத்தில்.

வக்கீல் பக்கிரிசாமி விரல் மடக்கினார்.
ஆஸ்பத்திரிக்குப் போகாதே, போனால் ஒப்புக்கொண்டதாகும்.
பணம் கொடுக்காதே, அதுவும் அப்படித்தான்.
படியைப் பூசினால் தடயத்தை அழித்தாய் என்பார்கள்,
பூசாமல் இன்னொருவர் விழுந்தால்
அது தனி கேஸ்.
ஷரத்து ஒன்பது? என்றேன்.
அதில் அந்தப் பையன் கையெழுத்துப் போட்டானா, என்றார்.
தேநீர் வந்தது. சர்க்கரையைக் கலக்கியபடி சொன்னார்:
"உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?
விஷயமே அவ்வளவுதான்."

ஆவணியில் இன்சூரன்ஸ்காரர் வந்திருந்தார்.
வெளியாள் விழுந்தாலும் சேர்த்து
வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம்.
தீபாவளி கழியட்டும், என்றிருந்தேன்.

ராத்திரி போனைத் துழாவினேன்.
ஆடிப்பெருக்குக்கு மறுநாள், டீச்சர் அனுப்பியது.
படியின் மூக்கு பெயர்ந்து, துருக்கம்பி வெளியே,
பக்கத்தில் அளவுக்கு ஒரு சாக்பீஸ்.
"சார், டியூஷன் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள்."

அன்று நான் ஆற்றங்கரையில் நின்றிருந்தேன்.
"ஆழமான பகுதி. மீறி இறங்கினால் நிர்வாகம் பொறுப்பல்ல"
என்ற பலகையையே ஆறு பிடுங்கிக்கொண்டுபோய்
அடுத்த மதகில் செருகியிருந்தது.
அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான்
போன் அதிர்ந்தது.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன்.

இப்போது அழிக்கலாம்.
என் போனில் அழித்தால் என் போனில்தான் அழியும்.
டீச்சர் போனில் இரண்டு நீல டிக்
அப்படியே இருக்கும்.
அவர் இதுவரை
அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பதில் தட்டினேன்:
"பார்த்தேன் டீச்சர். அன்றைக்கே பார்த்தேன்."
ஒரு டிக். மழையில் டவர் இல்லை போல.

விடிந்ததும் கொத்தனார் சிங்காரவேல் வந்தார்.
உடைக்கிறதுக்கு முன்னாடி
ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்களேன், என்றார்.
குனிந்தேன்.
அளவுக்குப் பக்கத்தில் வைக்க
என்னிடம் சாக்பீஸ் இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
என் காலை வைத்தேன்.