ஓட்டம் அறுபத்தொன்று

திரையில் ஒரு சதுரக் கட்டம். நூறுக்கு நூறு.
நுரையீரலில் அரிசியளவுத் துணுக்கு என்று
லெசான் பீட்டர்ஸன் வைத்துக்கொண்டிருக்கிறாள்.
நடுவில் ஒரேயொரு சிவப்புப் புள்ளி.
நாளைக்கு ஒருமுறைதான் இரண்டாகும்.
அவசரமில்லாத கிருமி,
அவசரமெல்லாம் நமக்குத்தான்.

பச்சைப் புள்ளிகள் பெருவிழுங்கிகள்.
ஒவ்வொன்றுக்கும் நாலே விதி எழுதியிருக்கிறாள்:
வாடை வரும் பக்கம் நகர்.
எதிர்ப்பட்டால் விழுங்கு.
செரிக்காவிட்டால் கூப்பிடு.
யாரும் வராவிட்டால் வெடித்துப் போ.

கோட்டை என்ற சொல்லை
எதற்கும் அவள் சொல்லித் தரவில்லை.
ஆனாலும் எண்பதாம் நாள் கோட்டை எழுகிறது,
ஒன்றன் தோளில் ஒன்றாய், வட்டமாய்.
நடுவே தயிர்க்கட்டி போல் குழைந்த இருட்டு.
உள்ளே இருப்பது கைதியா, குடித்தனமா?
முற்றுகையிடுபவன் உழிஞை சூடுவான்,
மதில் காப்பவன் நொச்சி.
இங்கே யார் தலையில் எந்தப் பூ?

அழற்சியைக் கொஞ்சம் கூட்டினால்
மதில் தன் சூட்டிலேயே உடைந்து மூச்சுக்குழலில் கொட்டுகிறது.
குறைத்தால் கதவு திறந்தே கிடக்கிறது.
இரண்டுக்கும் நடுவே, ஒரு தசமப் புள்ளி அகலத்தில்
எத்தனையோ பேர் எழுபது வருஷம்
வாழ்ந்துவிடுகிறார்கள், தெரியாமலே.

அறுபத்தொன்றாவது ஓட்டத்தில் மின்வெட்டு.
வூஸ்டர் நகரம் ஒரே மூச்சில் அணைந்தது.
உறைபெட்டிக்கு மட்டும் ஜெனரேட்டர் உறுமியது;
மைனஸ் எண்பதில்
மூன்று வருஷத்துக்கு முந்தைய ரத்தம் தூங்கவேண்டுமே.

அந்த ரத்தம்தான் போன வாரம் பேசியது.
எண் 0417. ஒரு கைப்பிடி மரபணுக்கள்
குரல் உயர்த்தியிருந்தன,
முதல் இருமலுக்குப் பத்து மாதம் முன்பே.
குழாயில் தேதி உண்டு. பெயர் கிடையாது, இருக்கவும் கூடாது.
அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பதினைந்தாம் மாதம் காலி. பதினெட்டும் காலி.
சராசரியைப் போட்டு நிரப்பேன் என்றது நிரல்.
நிரப்பியிருந்தாள். வளைகோடு அழகாகப் படிந்தது.
அந்த அழகுதான் உறுத்தியது.

இருட்டில் செவிலியர் டென்வர் யாஃப்தாவை அழைத்தாள்.
"பெயர் கேட்கவில்லை. அந்த இரண்டு தடவையும் ஏன் வரவில்லை?"
அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார்.
"டிசம்பரும் மார்ச்சுமா?
ஹெக்ஸ் நதிப் பக்கம் திராட்சை அறுப்பு.
லாரி ஐந்து மணிக்குக் கிளம்பும்.
கிளினிக் எட்டு மணிக்குத் திறக்கும்.
வேறென்ன காரணம் வேண்டும்?"

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க வாயெடுத்தாள்.
விதி நினைவுக்கு வந்தது.
அவரும் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்றார்.

பத்தரைக்கு வெளிச்சம் வந்தது.
சேமிக்காத அறுபதும் போயே போயிருந்தன.
எட்டில் ஐந்து போனால் மூன்று.
அந்த மூன்று மணி நேரத்தைச் சமன்பாட்டில் எங்கே எழுதுவது,
எந்த அலகில்?
கிரேக்க எழுத்துகள் எப்போதோ தீர்ந்துவிட்டன.

நிரப்பிய சராசரிகளை அழித்தாள்.
வளைகோட்டில் மறுபடி இரண்டு ஓட்டைகள்.
கணினி படிக்காமல் தாண்டிப் போகும் குறிப்பு வரியில்
தட்டி வைத்தாள்:
இங்கே ஒருவர் திராட்சை அறுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு, ஓட்டம் ஒன்று.
சிவப்புப் புள்ளி இன்னும் இரண்டாகவில்லை.