காணப்படு

ஐப்பசி பதினொன்று. இரவு ஒன்பதே முக்கால்.
கோனாபட்டுக்குத் தெற்கே தைலமரங்களுக்கு நடுவில்
மிஞ்சிக் கிடக்கிற நாலரை ஏக்கர்.
அய்யனார் பெயரில் பட்டா இருப்பதால் மிஞ்சியது.
வீரை, காசான், உலக்கைப்பாலை,
சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாத சூரைமுள்.

உமையாள்தான் முதலில் கேட்டாள்.
"மேம், யாரோ பாக்கு வெட்டுறாங்க."
இந்த மழையில், எட்டடி உயரத்தில்,
யார் உட்கார்ந்து பாக்கு வெட்டுவது?
கடக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கடக் கடக்.
டார்ச்சை அணைத்தோம். காது மட்டும் முன்னே போனது.

வீரை இலைக்கு அடியில் இருந்தது.
இரண்டு கட்டைவிரல் நகத்து நீளம்.
செம்பராங்கல் நிறத்தில் முதுகு.
தொடையின் உள்பக்கம் மட்டும்
யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த மஞ்சள்.
விரல் நுனிகளில் ஸ்டிக்கர் பொட்டுபோல வட்டங்கள்.

பதினாறு வருடமாகத் தவளை பார்க்கிறேன்.
இதைப் பார்த்ததில்லை என்று தெரிய
பதினாறு நொடி ஆகவில்லை.
நிரூபிக்க ஒரு வருடம் ஆகும்.
நிரூபிக்க ஒன்றைக் கொல்ல வேண்டும்.
பாராட்டுக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.
வகைமாதிரி என்று அதற்குப் பெயர்.

ஏழு இரவில் பதினான்கு எண்ணியிருந்தோம்.
கழித்தல் கணக்கு
ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

காலையில் அடைக்கன் ஜேசிபியை நிறுத்திவிட்டு
டீ குடித்துக்கொண்டிருந்தான்.
நாலுவழிச் சாலைக்கு மண், அறுபது லோடு.
மரத்தைத் தொட மாட்டார்களாம், சாமி மரம்.
ஓரத்துப் பள்ளத்தை மட்டும்
லாரி திரும்புவதற்காக மூடுவார்களாம்.
அந்தப் பள்ளத்து நீருக்கு மேலேதான்
இலை நுனியில் நுரை கட்டி முட்டை வைத்திருக்கிறது.
காட்டினேன்.
"எவனோ சோப்பு போட்டுக் குளிச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றான்.
பிறகு கிளாஸை உதறிக்கொண்டே,
"வியாழக்கிழமை வரைக்கும் அந்தப் பக்கமா தோண்டுறேன்."

அவனால் முடிந்தது வியாழன் வரை.
என்னால் முடிந்தது ஒரு கட்டுரை.

வரைவில் எல்லாம் எழுதிவிட்டேன்.
மூக்கு முதல் பின்துளை வரை இருபத்தேழு மில்லிமீட்டர்.
குரலின் அதிர்வெண். ஈரப்பதம். கிளையின் உயரம்.
பெயருக்கான இடம் காலி;
உமையாள் ஒன்று சொன்னாள், நன்றாக இருந்தது,
வயிற்றுப் பிள்ளையின் பெயரைப் போல
வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறோம்.

வாழிடம் என்கிற பத்தியில்தான் நிற்கிறேன்.
இந்தக் கோயில்காட்டில் மட்டுமே காணப்படு
அங்கேயே கர்சர் துடிக்கிறது.
கிற போட்டால் இருக்கிறது.
ட்ட போட்டால் இருந்தது.
காலம் காட்டுவதற்கு இடைநிலை என்று பள்ளியில் படித்தோம்.
அது இவ்வளவு குட்டியானது என்று
ஆசிரியருக்கும் தெரிந்திருக்காது.

மேசையில், குப்பிக்குள்,
அந்த மஞ்சள் சாராயத்தில் வெளுத்துக்கொண்டிருக்கிறது.
இன்று புதன். மழை விட்டுவிட்டது.
நுரைக்குள் நெளிந்தவை
இந்நேரம் தண்ணீரில் சொட்டியிருக்கும்.

வரியை அப்படியே விட்டுவிட்டு
வண்டிச் சாவியோடு
குளியலறை வாளியையும் எடுத்துக்கொள்கிறேன்.