லிண்டல் மட்டம்

எங்கள் ஊரில்
அஸ்திவாரக் குழிக்கு வானம் என்று பேர்.
இரண்டடி அகலம், மூன்றடி ஆழம்.
மூன்று செண்டில் வானம் தோண்ட எனக்குப்
பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.
ஆராதனை முடிந்து, சேலை மாற்றி,
மண்வெட்டியைத் தொடும்போது மணி பன்னிரண்டு.
செம்மண் முதலில் இணக்கமாக வந்தது
அப்புறம் வெட்டுக்கல்லாய் முறைத்தது.
இடவப்பாதி வந்து குழியை நிரப்பிவிட்டுப் போனது.
பால்காய்ப்பு இல்லாமலே
தவளைகள் குடியேறிவிட்டன.

பதினாலு வருஷம்
பிறத்தியார் வீட்டுக்குச் சாந்து சுமந்தவள் நான்.
களியல், அருமனை, மேல்புறம்,
துபாய்க்காரர் வீட்டு மூன்றாம் மாடி வரைக்கும்
சட்டி சட்டியாய்.
எல்லாப் பால்காய்ப்பிலும்
கடைசிப் பந்தியில் இலை கிடைத்தது.
கரண்டி மட்டும் கைக்குக் கிடைக்கவில்லை.
"கையாளுக்கு எதுக்குப் பிள்ளே கொத்தனார் வேலை?"
என்பார் தாசையன்.
ஆனால் சாந்தில் வெள்ளம் கூடிப்போனால்
என் முகத்தைத்தான் பார்ப்பார்.

குலசேகரத்தில் கரண்டி வாங்கினேன்,
ரசமட்டம் வாங்கினேன்.
தூக்குக்குண்டுக்குக் காசு காணவில்லை;
பழைய அரைக்கிலோ படிக்கல் ஒன்றை
நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
அது ஆடி ஆடி நிற்கும்வரை
மூச்சை விடாமல் நானும் நிற்பேன்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் தக்கபடி வளர்ந்தது வீடு.
ஒரு வாரம் இரண்டு மூடை சிமெண்ட்.
ஒரு வாரம் கால் டெம்போ எம்-சாண்டு.
ஒரு வாரம் தங்கச்சிக்கு ஆஸ்பத்திரிச் செலவு,
அந்த வாரம் இருக்கிற சுவரை நனைத்துக்கொண்டிருந்தேன்.
நனைப்பதும் வேலைதான்.
ஐப்பசியில் அதையும் ஆண்டவர் பார்த்துக்கொண்டார்.

கடையாலுமூடு பஸ் எங்கள் வளைவில் மெதுவாகும்.
ஜன்னல் சீட்டிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள்:
"லில்லிபுஷ்பம், வீடு முடிஞ்சாச்சா?"
பதில் சொல்லுமுன் பஸ் திரும்பிவிடும்.
அதுவும் நல்லதுக்குத்தான்.

கிழக்குச் சுவர் ஒன்பதாம் வரியில் நிற்கும்போது
தாசையன் வந்தார்.
வெற்றிலையை ஒதுக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.
"அரை இஞ்சு வெளிய நிக்கு."
"தெரியும்."
"பூச்சுல மறைச்சிரலாம்."
எத்தனை வீட்டில் எதையெதைப்
பூச்சில் மறைத்தோம் என்பது
எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.
கொஞ்ச நேரம் நின்றார்.
கரண்டியை எடுத்துப் பார்த்தார், வைத்தார்,
போய்விட்டார்.

அன்று ராத்திரி நாலு வரி பிரித்தேன்.
டார்ச்சைச் சிமெண்ட் சாக்கில் சாய்த்துவைத்து
ஒவ்வொரு செங்கல்லிலும் ஒட்டியதைச் சுரண்டி
அடுக்கினேன்.
பத்துக் கல் உடைந்தது.
ஒன்று காலில் விழுந்தது.
சர்ச்சில் சொல்லக்கூடாத வார்த்தையொன்று சொன்னேன்;
கூரையில்லாத வீடு,
அது எங்கும் முட்டாமல் மேலே போயிற்று.

திரும்பக் கட்டியபோது
கால் இஞ்சு உள்ளே போய்விட்டது.
போகட்டும்.
அந்தப் பக்கம் கட்டிலைப் போட்டுக்கொள்வேன்.

இப்போது லிண்டல் மட்டம்.
ஆறாவது வருஷம்.
சீட்டு விழுந்தால் கம்பி,
கம்பி வந்தால் கான்கிரீட்,
அதுவரைக்கும் வீடு இவ்வளவுதான்.

நேற்றுச் சாயங்காலம்
அடுக்களை வரப்போகிற மூலையில்
உடைந்த கல் மூன்றைக் கூட்டித்
தீ மூட்டினேன்.
பால் வாங்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.
கட்டஞ்சாயா, இரண்டு ஸ்பூன் சீனி.
மலைப்பக்கமிருந்து ஒரு சாரல் வந்து
டம்ளருக்குள் விழப் பார்த்தது,
கையால் மூடிக்கொண்டேன்.
ஜன்னலுக்கு விட்ட ஓட்டையில்
முழங்கையை ஊன்றி நின்றேன்.
செங்கல் இன்னும் வெயிலை வைத்திருந்தது.

வளைவில் பஸ் மெதுவாயிற்று.
யாரோ தலையை நீட்டி
மணல் குவியலுக்குப் பக்கத்தில் தேடினார்கள்,
சாரத்தின் மேல் தேடினார்கள்,
கிணற்றடியில் தேடினார்கள்.

நான் உள்ளே இருந்தேன்.