அறுபத்தொரு நாள்

ஏப்ரல் பதினைந்து. தடைக்காலம் தொடங்கிவிட்டது.
முதுநகர் துறைமுகத்தில், உப்பனாற்று ஓரம்,
விசைப்படகுகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.
ஐஸ் கேட்டு ஒரு போனும் என் சர்வரைத் தட்டவில்லை.
பதிவேட்டில் வரிகள் ஊறுவதே இல்லை.
பிரித்துப் போட இதைவிட நல்ல நேரம் வராது.

நோட் பதினெட்டுக்கு இந்த மாதக் கடைசியோடு ஆதரவு முடிகிறது.
நம் ஊரில் பதினெட்டு ஆனால் ஓட்டு.
அங்கே பதினெட்டு என்றால்
இனி ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை.

கீழே தேசிங்கு
'கடலரசி'யின் இன்ஜினைக் கழற்றிச்
சாக்கின்மேல் வரிசையாக வைத்திருக்கிறார்.
ஐஸ் கம்பெனி மாடியிலிருந்து நான் இறங்கிப் போனால்
டீ வாங்கித் தருவார், கேள்வியும் கேட்பார்.
"உன்னோடதுல எத்தனை பார்ட்ஸ்?"
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று.
"ஐஸ் புக் பண்றதுக்கா?"
கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"நீ வாங்குனது?"
முப்பத்தொன்று.
"மிச்சம்?"
வாங்கினவை கூட்டிக்கொண்டு வந்தவை.
சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மே மாதம், ஒரு வெள்ளி இரவு, செய்தி வந்தது.
எங்கோ ஒரு நாட்டில், தூக்கக் கலக்கத்தில்,
ஒருவர் போலி மடலை நம்பித் தன் சாவியைக் கொடுத்துவிட்டார்.
அவர் எழுதிய சின்னஞ்சிறு பொட்டலத்துக்குள்
திருடன் ஏறி உட்கார்ந்து
ஊர் ஊராக இறங்கிக்கொண்டிருக்கிறான்.
இரண்டு மணிக்கு எழுந்து தேடினேன்.
இருக்கிறது. என்னிடமும் இருக்கிறது,
நான் கேள்விப்பட்டே இராத பெயரில்,
ஏழு கை மாறி.
ஆனால் என்னிடம் இருப்பது பழைய எண்.
புதுப்பிக்க வேண்டும் வேண்டும் என்று
ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன்,
செய்யவில்லை.
அன்றைக்குக் காப்பாற்றியது அந்தச் சோம்பல்.
அடுத்த முறை கவிழ்க்கப்போவதும் அதுதான்.

"புது பேரிங் போட்டா
மூணு நாள் பக்கத்துலயே உக்காந்து காது குடுக்கணும்,"
தேசிங்கு சொன்னார். "பழசை விட்டாலும் அப்படித்தான்."

இருபத்திரண்டுக்கு ஏறினேன்.
கடன் வாங்கி வைத்திருந்த பலதும்
இப்போது நோடின் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிறது:
வெளியிலிருந்து தரவு எடுக்க, சோதித்துப் பார்க்க,
ரகசியச் சாவிகளைக் கோப்பிலிருந்து படிக்க.
முப்பத்தொன்று ஒன்பதாயிற்று.
எந்தக் கோப்பைத் தொடலாம் என்று
கைச்சீட்டுக் கொடுத்து உள்ளே விடவும் முடிகிறது.
சீட்டில் இல்லாத கதவில் கை வைத்தால்
அந்த இடத்திலேயே விழுகிறது.

ஒன்று மட்டும் வரமாட்டேன் என்றது.
ஓதம் ஏறும் நேரம் சொல்லும் நிரல்.
ஏழு வருஷமாக யாரும் தொட்டதில்லை.
வாசலில் எழுதியவரின் குறிப்பு:
'வேறு வேலை கிடைத்துவிட்டது. இனி இதைப் பார்க்கமாட்டேன். மன்னிக்கவும்.'
உள்ளே, முப்பதாவது வரிக்குமேல்:
'இது ஏன் சரியாக வருகிறதென்று எனக்கே தெரியவில்லை.'
எனக்கும் தெரியவில்லை.
அந்தப் பதினோரு வரியை மட்டும் என் கையால் எழுதிக்கொண்டேன்.
உச்சியில் அவர் பெயரை வைத்தேன்.

ஜூன் பதின்மூன்று, விடியற்காலை நான்கு மணி.
ஐஸ் பதிவு திறந்தது.
கவுண்டரில் சுல்தானா ஒருத்திதான்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்ததும் அடுத்தவரைப் பார்ப்பாள்.
ஐஸ் சரிந்து வந்தால் படகின் பெயரைக் கூவுவாள்.
அவெயிட் என்று நான் எழுதிய வரி நிற்கும்.
அவள் நிற்கமாட்டாள்.
கடலரசி, நாற்பது பார்.
அடுத்த நொடியில் பதினேழு படகு.
அதற்கடுத்த நொடியை எண்ண முடியவில்லை.

மறுநாள் நள்ளிரவு படகுகள் கிளம்பின.
தேசிங்கு கண்ணை மூடி,
அத்தனை இன்ஜின் இரைச்சலிலும்
கடலரசியை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
முகத்துவாரம் தாண்டியதும் திரும்பினார்.
"உன்னோடது சத்தம் போடாதா?"
போடாது.
"அப்ப நல்லா ஓடுதுன்னு
எப்படித் தெரியும் உனக்கு?"