அக்கி வாய் திறக்கும் வரை

ஏப்ரலில் அயோனி விமானம் ஏறினாள்,
அமெரிக்காவில் ஏதோ ஒரு ஏரித் தீவில்
ஓட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்ற.
அக்டோபரில் வருவாள்.
பிரிட்ஜில் மூன்று வாரச் சாப்பாடு
டப்பா டப்பாவாய், மேலே தேதி எழுதி.
நான்காவது வாரம்
நானும் மகள் கெரிஷாவும்
கழுவிக் கவிழ்த்த டப்பாக்களும்.

எனக்குத் தெரிந்தது டாக்ஸி.
போர்ட் அன்டோனியோவிலிருந்து பஃப் பே,
பஃப் பேயிலிருந்து போர்ட் அன்டோனியோ.
எனவே சமையலும் வண்டியிலேயே கற்றேன்.

"பீன்ஸை ராத்திரியே ஊறப்போடு லாசெல்ஸ்"
என்றாள் முன்சீட்டு மீன்காரி.
"ஊறப்போட்டால் சோற்றுக்கு நிறம் ஏறாது"
பின்னாலிருந்து தபால்காரர்.
நடுவில் நெருக்கிக்கொண்டிருந்த நர்ஸ்
பிமென்டோ ஆறு மணி, ஏழு போட்டால் கசக்கும் என்றாள்,
மாத்திரை எழுதித் தருகிற குரலில்.
ஜன்னலோரப் பையன்
"எங்க வீட்டுல சர்க்கரை ஒரு சிட்டிகை" என்றான்.
மூவரும் ஒன்று சேர்ந்து அவனை ஏசினார்கள்.
தேங்காய்ப்பால் முதலிலா கடைசியிலா
என்ற வழக்கு தீராமலே
ஹோப் பேயில் இறங்கிப் போனார்கள்.
மீன்காரி மீதிச் சில்லறையை மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை.
அரிசி, பீன்ஸ், தைம், வெங்காயத்தாள், தேங்காய்ப்பால்.
மேலே ஒரு ஸ்காட்ச் பானெட் மிளகாய், முழுசாக.
மிதக்கட்டும், வெடிக்கவிடாதே
என்று அத்தனை பேரும் ஒத்துக்கொண்டது
அந்த ஒன்றைத்தான்.
நான் கிண்டினேன்.
வண்டி கழுவுகிற வேகத்தில் கிண்டினேன்.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள்.
கெரிஷா ஒரு ஜக் தண்ணீரைக் குடித்து
அழுது, நடுவில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து,
தட்டை எடுத்துக்கொண்டு
பக்கத்து வீட்டுக் கோழிக்கறிக்குப் போய்விட்டாள்.

அப்புறம் உப்புமீன்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, சரி.
உப்பே பண்டமாக வந்தால்?
ஒருமுறை வேகவைத்துக் கொட்டினேன்: கடல்.
மூன்று முறை கொட்டினேன்: கிழிந்த அட்டைப்பெட்டி.
பூனைக்கு வைத்தேன்.
மோந்து பார்த்துவிட்டு
அதுவும் பக்கத்து வீட்டுக்கே போனது.

முற்றத்து மரத்தில் அக்கி
கொத்துக் கொத்தாய்ச் சிவந்திருந்தது.
கத்தியோடு ஏணியில் நின்றபோதுதான்
அயோனி அழைத்தாள்.
"மூடியிருக்கா?"
"மூடித்தான் இருக்கு."
"இறங்கு.
அதுவா வாய் திறக்கணும்.
நீ பிளந்து எடுத்தா அது விஷம்."

அன்றிலிருந்து தினமும் காலையில்
சீருடையோடு மரத்தடியில் நின்று கணக்குச் சொல்வாள் கெரிஷா:
"ஒண்ணும் இல்லை."
"ஒண்ணும் இல்லை."
"ஒண்ணு கொட்டாவி விடுது அப்பா."

அந்த நாட்களில் அயோனியும்
போனில் பேச்சைச் சுருக்கிக்கொண்டாள்.
நல்லா இருக்கேன். பணம் வந்ததா. அவளுக்குத் தலை பின்னினியா.
அவ்வளவுதான்.
என்ன, ஏதென்று
நெம்பிக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது.
கேட்கவில்லை.
பொறுமை என்று சொல்ல மாட்டேன். பயம்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை
பதினோரு காய்கள் திறந்திருந்தன,
ஒவ்வொன்றிலும் மூன்று கறுப்பு விதைகள்
வெளியே எட்டிப் பார்த்தபடி.
விதையை எடுத்து, உள்ளே ஒட்டிய சிவப்பு நாரை உரித்து,
மஞ்சள் சதையை வேகவைத்தோம்.
உப்புமீன் இந்தத் தடவை இரண்டே தண்ணீர்.
சட்டியில் வெங்காயம் போட்டபோது போன்.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே தொடங்கினாள்.
"இன்னிக்கு நாற்பதாவது அறையில
விரிப்பு மாத்திட்டு
அந்தக் கட்டில்லயே உட்கார்ந்துட்டேன் லாசெல்ஸ்.
எந்திரிக்கவே முடியல.
ஜன்னல்ல ஏரி. அதுல உப்பு வாசனைகூட இல்ல.
சூப்பர்வைசர் வந்து
கதவைத் தட்டுற வரைக்கும்..."

நான் ம் என்றேன்.
வேறென்ன சொல்ல.
கெரிஷா அக்கியை உடையாமல்
கரண்டியால் மெல்லப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்,
நெடுநேரம்.
பிறகு,

"அங்க என்ன சத்தம்?"

"வெங்காயம்."

"கருகுது. தீயைக் குறை."