தரம் பிரிப்பவன்

கோலா கெட்டில் செம்பனை ஆலையில்
குலைகளைத் தரம் பிரிப்பது என் வேலை.
லாரி கொட்டியதும் கொக்கியோடு உள்ளே இறங்குவேன்.
பத்து உதிரி விழுந்திருந்தால் பழம்.
இல்லையென்றால் காய்:
காம்பில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு,
திருப்பி ஏற்று.
போன மாதம்வரை பத்து. இந்த மாதம் ஐந்தே போதுமாம்.
மரத்துக்கு யாரும் சொல்லவில்லை.

நேற்று ஐந்தே முக்காலுக்கு
தங்கை யுகேஸ்வரி ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
கல்லூரிச் சுற்றறிக்கை, நான்கு பக்கம்.
இனி விளையாட்டாளர்கள் விளம்பரத்துக்குக் காசு வாங்கலாம்,
சட்டையில் கடைப்பெயர் போடலாம்,
வெளியே பரிசுப்பணம் வாங்கியிருந்தாலும்
கல்லூரிக்காக இறங்கலாம்.
முதல் தேதியிலிருந்து, என்று தடித்த எழுத்தில்.

ஏழு வருஷம் நான்கு மாதம்.
விரல்விட்டு எண்ணத் தேவைப்படவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது.
மாரியம்மன் திருவிழாவுக்கு மறுநாள்
தோட்டத் திடலில் நானூறு மீட்டர்.
சுண்ணாம்பு போதாமல் கடைசி வளைவுக்குக்
கோதுமை மாவு தூவியிருந்தார்கள்.
கோழிகள் தடத்தைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.
முதலில் வந்தேன். முந்நூறு வெள்ளி.
கதவு அகலத்துக்கு அட்டையில் ஒரு காசோலை,
அதைப் பிடித்துச் சிரிக்கிற என் படம்.
நூற்றெண்பது மின்சார பில்லுக்குப் போனது.
மீதிக்கு ஒரு ஜோடி சப்பாத்து.

அந்தச் சப்பாத்தோடுதான்
கல்லூரிகளின் இறுதிப் போட்டிக்குப் போனேன்.
எட்டாவது தடம்.
இருபது நிமிடம் இருக்கையில் ஒருவர் வந்து
கைப்பேசியை நீட்டினார்.
"இது நீதானே?"
நான்தான். கடைவாய்ப் பல்கூடத் தெரிந்தது.
விதி பதினொன்று, உட்பிரிவு இ.
கெட்டவர் இல்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.
எட்டாவது தடத்தைக் காலியாக விட்டு
ஏழு பேர் ஓடினார்கள்.
ஒரு தடம் அவ்வளவு அகலம் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் அப்பா சொன்னார்: "விதிடா."
நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இரண்டு பேரும் வேறு வேறு விதியைச் சொன்னோம்.

இப்போது யுகேஸ்வரியின் ஒப்பந்தம்.
பட்டணத்துக் கோழிக்கடை.
அவள் மும்முறைத் தாண்டும் மணலுக்குப் பின்னால்
அவர்கள் பதாகை, அவள் முதுகில் அவர்கள் சேவல்.
மாதம் முந்நூறு வெள்ளி.

தொகையைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.
ஹெல்மெட் ஏன் கழறவில்லை என்பதும் தெரிந்தது.

"சாட்சிக் கையெழுத்து வேணும்ணே.
வேணாம்னு சொல்லு, கிழிச்சிடறேன்."

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய்.
செம்பனை முள் மாதிரி,
குத்திய இடம் தெரியாது, அமுக்கினால் தெரியும்.
நான்கு பக்கத்தையும் படித்தேன்.
முன்பு நிறுத்தப்பட்டவர்கள் என்று ஒரு வரி தேடினேன்.
மன்னிப்பெல்லாம் வேண்டாம்,
'முன்பு' என்ற சொல் இருந்தால் போதும்.
இல்லை.
சட்டம் போடுகிறவர்களின் லாரிக்கு
பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது.

போன மாதம் ஏழு உதிரியோடு வந்த குலைகளை
நானும்தான் கோடு போட்டு அனுப்பினேன்.
அவை எங்கே அழுகினவோ.

கையைத் துடைத்தும் எண்ணெய் போகவில்லை.
கையெழுத்துக்குப் பக்கத்தில் பெருவிரல் பதிந்துவிட்டது.
கோழிக்கடைக்காரர் ஏற்பாரோ என்னவோ.

"உன் தூரம் எவ்வளவு?"
"பதினொன்று எண்பது."

சாய டப்பாவை எடுத்துச்
சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டேன்.
கொக்கியின் நீளத்தால் அளந்துகொண்டே போய்
எடைப்பாலத்துக்குச் சற்று முன்னால் இன்னொன்று.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
"இவ்வளவா?" என்றாள், தன் தூரத்தைப் பார்த்து.

அதற்குள் அடுத்த லாரி ஹாரன் அடித்தது.
சாயம் காயட்டும் என்று
கையைக் காட்டி நிறுத்திவைத்தேன்.