பத்துக் கிலோவுக்குக் கீழே

காங்கேயத்துக்கும் வெள்ளகோயிலுக்கும் நடுவே
ரோட்டோரம் ஓர் எடைமேடை.
இரவு எட்டிலிருந்து காலை ஆறு வரை
அதன் ஜன்னலுக்குள் இருப்பவள் நான்.

கொப்பரை லாரி ஏறும்.
இரும்பு ஒருமுறை முனகும்.
சிவப்பு எண்கள் தடுமாறி ஓயும்.
சரக்கோடு இவ்வளவு, வெறும் வண்டி இவ்வளவு,
கழித்தால் இவ்வளவு.
நூறு ரூபாய். சீட்டு. அடுத்த வண்டி.

அடுத்த வண்டி வராத நேரத்தில்
பிழையாகிப்போன சீட்டுகளின் முதுகில்
எழுதிக்கொண்டிருப்பேன்.

"என்னக்கா, கணக்கு உதைக்குதுங்களா?" என்பான்
கிளீனர் சென்னியப்பன்.
"ஆமாடா, உதைக்குது."
பொய்யில்லை.

ஈரோட்டுப் போட்டி ஒன்றுக்கு மூன்று வருஷம் அனுப்பினேன்.
முதல் வருஷம் பதில் இல்லை.
மறு வருஷமும்.
மூன்றாம் வருஷம் ஓர் அட்டை வந்தது:
முயற்சி தொடரட்டும்.
நல்ல கெட்டி அட்டை.
நாலாக மடித்து மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தேன்.
அன்றிலிருந்து ஆடுவதில்லை மேசை.
எழுதத் தோதாக இருக்கிறது.

போன ஆடியில்
கொறங்காட்டுக் காற்று கிளுவை வேலியைப் பிடித்து
உலுக்கிய ஒரு ராத்திரி, கரண்ட் போனது.
எண்கள் அணைந்தன. வண்டி ஏதும் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
மழையைப் பற்றி எழுத உட்கார்ந்தவள்
எழுதியது வேறு.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று
பந்தலில் நான் டம்ளர் எண்ணிக்கொண்டிருந்தேன்.
வாடகை டம்ளர். நூற்று இருபது.
ஏழு குறைந்தது.
பெஞ்சுக்கு அடியில், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால்,
ஒரம்பரை சனத்தின் காலுக்கு நடுவே
குனிந்து குனிந்து தேடினேன்.
சொட்டுக் கண்ணீர் விடலை பாரு, என்றாள் தெய்வாத்தா பெரியம்மா.
இருக்கும், கல்நெஞ்சுதான் என்று
நானும் நம்பியிருந்தேன்
பதினோரு வருஷம்.

ஏழு என்று எழுதிய இடத்தில்
பேனா நின்றுவிட்டது.

டம்ளரையா தேடினேன்?

கரண்ட் வந்தபோது மணி மூன்று இருக்கும்.
முகம் கழுவினேன். என்னவோ தோன்றி
சீட்டுக்கட்டை மாரோடு அணைத்தபடி
மேடை மேல் போய் நின்றேன்.
ஜன்னலுக்குள் தெரிந்தது: அறுபது.
கட்டைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபது.

தனியாகச் சிரித்தேன், நடு ரோட்டுக்குப் பக்கத்தில்,
பைத்தியம் மாதிரி.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும்
இதற்குத் தெரியாது.
குற்றம் சொல்ல முடியாது. லாரிக்குச் செய்தது.

அதற்கப்புறம் போட்டிக்கு அனுப்பவில்லை என்று
சொல்லத்தான் ஆசை. அனுப்பினேன்.
பதில் வந்ததா என்று பார்க்க
இரண்டு மாதம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

இன்றைக்கு ஐந்தரைக்கு ஒரு வண்டி.
சாக்கை நனைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்,
மேடையெல்லாம் சொட்டுகிறது.
தண்ணீருக்கும் சேர்த்து எடை போட்டேன்.
"சீட்டுக் குடுங்க்கா, களத்துல ஆளு நிக்குது."

சித்தெ நில்லுங்க என்றேன்.
ஒரு வரி பாக்கி இருந்தது.